கையெழுத்துக்கு முன்னால்

கார்னிலியா சொராப்ஜி ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதியது 1892-இல். அந்தத் தேர்வுக்கான பட்டத்தைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்தது 1922-இல். எழுதும்போது வயது இருபத்தைந்து, வாங்கும்போது ஐம்பத்தைந்து. அவர் வாழ்நாளில் செய்த வக்கீல் வேலையில் பெரும்பகுதி நடுவில் போன அந்த முப்பது ஆண்டுகளில்தான் நடந்தது. தன்னை வக்கீல் என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் இடம்கொடுக்காத காலம் அது. பட்டமும் வக்கீல் சன்னதும் கைக்கு வந்த பிறகோ, வேலை இல்லை. இந்தத் தலைகீழ்க் கணக்கைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். "இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞர் யார்?" என்று பொது அறிவு வினாத்தாளில் ஒரு மதிப்பெண்ணுக்குள் அவரை அடைத்துவிடும்போது முதலில் தொலைவது இதுதான்.

1866 நவம்பர் 15 அன்று நாசிக்கில் பிறந்தார். தந்தை சொராப்ஜி கர்ஸேட்ஜி, பார்சி குடும்பத்திலிருந்து கிறித்தவத்துக்கு வந்து பாதிரியாரானவர். தாய் பிரான்சினாவை ஃபோர்டு என்ற ஆங்கிலேயத் தம்பதி சிறு வயதிலேயே தத்தெடுத்து வளர்த்தார்கள். அவர் நீலகிரித் தோடர் குடியில் பிறந்தவர் என்று எழுதியவர்களும் உண்டு. பார்சிகள் தங்களவர் என்று ஏற்கவில்லை, இந்துக்களும் ஏற்க வழியில்லை, ஆங்கிலேயர் என்றும் சொல்ல முடியாது. எந்தப் பக்கமும் முழுதாக ஒட்டாத அந்த வீட்டில் பெண்பிள்ளைகள் படித்தார்கள். தாய் புனேயில் விக்டோரியா உயர்நிலைப் பள்ளியை நடத்தினார். தங்கைகளில் சூசி பள்ளிக்கூடம் கட்டினார், ஆலிஸ் மருத்துவரானார். மகள் படித்துவிட்டால் சாதிசனம் என்ன சொல்லுமோ என்று கவலைப்பட அந்த வீட்டுக்குச் சாதிசனமே இல்லை. இது ஒரு சௌகரியம். இதற்கான விலையைப் பின்னால் கொடுக்க வேண்டியிருந்தது.

சட்டத்துக்கு ஏன் வந்தார் என்பதற்கு அவரே ஒரு கதை சொல்லியிருக்கிறார். சிறுமியாக இருந்தபோது, குஜராத்திப் பெண்மணி ஒருவர் தாயிடம் உதவி கேட்டு வந்தாராம். நல்ல சொத்துக்காரி, திரைக்குப் பின்னால் வாழ்கிறவர். சொத்தைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தன் நீட்டிய தாளில் நம்பிக் கையெழுத்துப் போட, சொத்து அவன் கைக்குப் போய்விட்டது. இவர்களுக்கு உதவ நினைத்தால் பெரியவளாகிச் சட்டம் படி என்று தாய் சொன்னாராம். தன்வரலாறுகளில் வருகிற 'அன்றே முடிவு செய்தேன்' வகைக் கதைகளை நான் பாதி தள்ளுபடி செய்துதான் படிப்பது வழக்கம். இதில் அந்தத் தாளையும் கையெழுத்தையும் மட்டும் தள்ள முடியவில்லை. பிற்பாடு பல ஆண்டுகள் அவரிடம் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் இந்தத் தாளின் நகல்கள்தாம்.

புனே டெக்கான் கல்லூரியில் படித்த முதல் பெண் அவர். முதல் வகுப்பில் தேறினார். அந்தத் தேர்ச்சி ஓர் ஆணுக்குக் கிடைத்திருந்தால் இங்கிலாந்து போய்ப் படிக்க அரசாங்க உதவித்தொகையும் கூடவே கிடைத்திருக்கும். பெண் என்பதால் இல்லை என்றார்கள். கொஞ்ச காலம் அகமதாபாத் குஜராத் கல்லூரியில் ஆண் மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்தார். உதவித்தொகை வாங்கத் தகுதியில்லாதவருக்குப் பாடம் நடத்த மட்டும் தகுதி இருந்தது. பிறகு இங்கிலாந்தில் லேடி ஹாப்ஹவுஸ் போன்றவர்கள் நிதி திரட்டினார்கள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும் பணம் கொடுத்தார். 1889-இல் ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் ஹாலில் சேர்ந்தார்.

பேலியோல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் அவருக்கு அங்கே பெரிய ஆதரவு. ஆல் சோல்ஸ் கல்லூரியின் காட்ரிங்டன் நூலகத்தில் முதன்முதலாக உட்கார்ந்து படித்த பெண் இவர்தான். ஆனால் தேர்வு வந்தபோது பெண்ணின் விடைத்தாளைத் திருத்த மாட்டேன் என்று தேர்வாளர் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது. பல்கலைக்கழகம் தனி ஆணை பிறப்பித்த பிறகே பி.சி.எல். என்ற அந்தச் சட்டத் தேர்வை எழுத முடிந்தது. கிடைத்தது மூன்றாம் வகுப்பு. அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவார்கள். எனக்கு இதில் மறைக்க ஒன்றும் தெரியவில்லை. முதலில் போகிறவள் முதல் வகுப்பிலும் போக வேண்டும் என்பது நாம் பெண்களுக்கு மட்டும் வைக்கிற நிபந்தனை. மூன்றாம் வகுப்பில் தேறிய ஆண்கள் எத்தனையோ பேர் நீதிபதிகளாகி ஓய்வூதியமும் வாங்கியிருப்பார்கள்.

இந்தியா திரும்பினார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி. தேறினார். 1899-இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் வக்கீல் தேர்வையும் முடித்தார். தேர்வுகளுக்குக் குறைவில்லை. பதிவேட்டில் பெயர் எழுதத்தான் யாருக்கும் கை வரவில்லை. குற்றவியல் நடைமுறையில் ஒரு சந்து இருந்தது. நீதிமன்றம் அனுமதித்தால் வக்கீல் அல்லாதவரும் எதிரிக்காகப் பேசலாம். அந்த வழியாக 1896-இல் புனேயில் ஒரு கொலை வழக்கில் நின்று பேசினார். சமஸ்தானங்களில் தனி அனுமதியோடு வாதாடினார். அவற்றில் ஒன்று யானை வழக்கு. முந்தைய ராஜா ஒரு யானைக்கு மானியமாகத் தோப்பு எழுதிவைத்திருந்தார், பிந்தையவர் பிடுங்கிக்கொண்டார். யானைக்காக இவர் போனார். பிடுங்கிய ராஜாவே நீதிபதி. ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, இவர் வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பைச் சாதகமாகச் சொல்லிவிட்டாராம். காரணம், ராஜாவின் நாய்க்கு இவரைப் பிடித்துப்போயிற்று. 'இந்தியா காலிங்' என்ற தன்வரலாற்றில் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். சட்டம் படித்த ஒருத்திக்கு நாய் வாங்கிக்கொடுத்த வெற்றி எத்தனை கசந்திருக்கும் என்பதை அவர் எழுதவில்லை.

அவர் செய்த உண்மையான கண்டுபிடிப்பு இதற்குப் பின் வருகிறது.

சென்னைக்காரர்களுக்குத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி தெரியும். ஆண் மருத்துவர் தொட்டுப் பார்க்கக் கூடாது என்பதாலேயே சிகிச்சையின்றிச் செத்துக்கொண்டிருந்த பெண்களுக்காக 1885-இல் மேரி ஷார்லீப் முயற்சியால் தொடங்கியது அது. அதே ஆண்டில் டஃபரின் நிதியும் ஏற்பட்டு, பெண்ணுக்குப் பெண் மருத்துவர் தேவை என்பது அரசாங்கம் ஒப்புக்கொண்ட விஷயமாகிவிட்டது. கார்னிலியா அந்த வாதத்தை அப்படியே சட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். நோய்க்கு நாடி பார்க்கவே ஆண் வரக்கூடாது என்றால், சொத்து வழக்குக்கு வாய்மொழி வாங்க ஆண் வக்கீல் எப்படி உள்ளே வருவார்? 1902 வாக்கில் இலண்டன் டைம்ஸிலும் இந்தியா ஆபீஸிலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பெண்களுக்கு வக்கீல் உரிமை கொடு என்று அவர் கேட்கவில்லை. திரைக்குப் பின்னாலிருக்கும் பெண்களுக்கு ஒரு வக்கீலைக் கொடு என்று கேட்டார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவதைக் கேட்டிருந்தால் இன்னும் இருபது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

1904-இல் வேலை கிடைத்தது. வங்காள கோர்ட் ஆஃப் வார்ட்ஸில் பெண் உதவியாளர். கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற பெயரைப் பார்த்து நீதிமன்றம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவனாகவோ, நிர்வகிக்க இயலாத பெண்ணாகவோ இருந்தால் எஸ்டேட்டை அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நம் பக்கத்தில் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி சிறுவனாக இருந்த காலத்தில் ஜமீன் இப்படித்தான் இருந்தது. கலெக்டரும் மேனேஜரும் கணக்கைப் பார்ப்பார்கள். அந்தப்புரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் கிடையாது. விதவை ராணிக்குச் சீவனாம்சம் கைக்குப் போய்ச் சேர்கிறதா, இடையில் யாராவது தின்கிறார்களா? தத்தெடுத்த பிள்ளையை உண்மையிலேயே அவள்தான் தத்தெடுத்தாளா? வாரிசுக் குழந்தைக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள், யார் கொடுக்கிறார்கள்? இவை கணக்குப் புத்தகத்தில் வராதவை. வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் என்று நான்கு பகுதிகளின் எஸ்டேட்டுகளுக்கும் கார்னிலியா ரயிலிலும் படகிலும் பல்லக்கிலும் யானைமேலும் போய்க்கொண்டிருந்தார். பணியில் இருந்த காலத்தில் 600-க்கும் மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் உதவியதாகச் சொல்லப்படுகிறது.

இந்த வேலையின் அருமை புரிய வேண்டுமானால் அன்றைய ஒரு சட்டக் கோட்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். திரைக்குப் பின்னால் வாழும் கோஷாப் பெண் எழுதிக்கொடுத்த பத்திரம் செல்லும் என்று ஒருவன் சொன்னால், அவள் அதைப் புரிந்துகொண்டு, நடுநிலையான ஆலோசனையோடு எழுதினாள் என்று அவன்தான் மெய்ப்பிக்க வேண்டும். அவள் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இலண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் இதைத் தொடர்ந்து வலியுறுத்தி வந்தது. நல்ல கோட்பாடு. ஆனால் அந்த நடுநிலை ஆலோசனையைச் சொல்ல யார் உள்ளே போவது? வக்கீல் திரைக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். திரைக்கு உள்ளே இருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரல் ராணியுடையதா, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமியாருடையதா, காரியஸ்தன் ஏற்பாடு செய்த வேலைக்காரியுடையதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? சட்டம் கொடுத்த பாதுகாப்பு திரைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. கார்னிலியா அந்தத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், சம்பந்தப்பட்டவள் முகத்தைப் பார்த்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா?" என்று கேட்கக்கூடிய ஆளாக இருந்தார். வாதத்திறமையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வழக்காடுகிற பெண்கள் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. சிவகங்கையில் 1829-இல் ஜமீன்தார் கௌரி வல்லபர் இறந்ததில் பிறந்த வாரிசுச் சண்டை 1863-இல் பிரிவி கவுன்சிலில் அவர் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக முடிந்தது. இந்துச் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். இலண்டன் வரை வழக்கு நடத்த ஒரு பெண்ணுக்குத் தெம்பு இருந்தது. அவளுக்காகப் பேசுகிற இடத்தில் இன்னொரு பெண் நிற்க முடியாது, அவ்வளவுதான்.

ஆக, கார்னிலியாவின் தொழில் இரண்டு பூட்டிய கதவுகளுக்கு நடுவில் நடந்தது. ஒன்று, ஆண் நுழைய முடியாத அந்தப்புரம். மற்றது, பெண் நுழைய முடியாத நீதிமன்றம். இரண்டும் பூட்டியிருந்ததால்தான் நடுவில் அவருக்கு ஒரு இடம் கிடைத்தது. இதைச் சொல்வது அவரைக் குறைத்துப் பேசுவதாகாது. ஆனால் இதைப் பார்க்காமல் அவருடைய பிற்கால நடத்தை புரியாது.

நீதிமன்றக் கதவைத் தட்டிய வேறு பெண்கள் இருந்தார்கள், அவர்களை நாம் இன்னும் வேகமாக மறந்தோம். ரெஜினா குஹா சட்டம் படித்து 1916-இல் வக்கீலாகப் பதியக் கேட்டார். கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்து, 1879-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தில் வரும் 'நபர்' என்பது பெண்ணைக் குறிக்காது என்றார்கள். 1919-இல் அவர் இறந்துபோனார். 1921-இல் சுதாம்சுபாலா ஹஸ்ரா பாட்னாவில் கேட்டார், அங்கேயும் இல்லை. அதே 1921 ஆகஸ்டில், இருபத்திரண்டு ஆண்டுக்கு முன் தேர்வில் தேறிய கார்னிலியாவை அலகாபாத் உயர்நீதிமன்றம் வக்கீலாகப் பதிந்துகொண்டது. ஒரே சட்டம், ஒரே ஆண்டு, அடுத்தடுத்த இரண்டு மாகாணங்கள். 1923-இல் வந்த சட்டம், பெண் என்பதற்காக மட்டும் யாரையும் வக்கீல் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று இந்தக் கூத்தை முடித்துவைத்தது.

1924-இல் கல்கத்தாவில் பாரிஸ்டராகத் தொழில் தொடங்கினார். ஐம்பத்தேழு வயது. வழக்குகள் வரவில்லை. வந்தவையும் பெரும்பாலும் கருத்துரை எழுதித்தரும் எழுத்து வேலை. நின்று வாதாடுகிற வழக்கை ஆண் வக்கீல்களுக்குக் கொடுத்தார்கள். சட்டம் கதவைத் திறந்தது, கட்சிக்காரனும் சக வக்கீலும் சாத்தினார்கள். கண்பார்வையும் கெட்டது. 1929-இல் தொழிலை விட்டு இலண்டன் போய்விட்டார். அதே 1929-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் பி. ஆனந்தாபாய் முதல் பெண் வழக்கறிஞராகப் பதிவு செய்தார்.

இங்கே வரைக்கும் அவரை நேசிப்பது எளிது. இனிமேல் எளிதில்லை.

கார்னிலியா பிரிட்டிஷ் ஆட்சியின் தீவிர விசுவாசி. சுதந்திரப் போராட்டம் நாட்டைக் குட்டிச்சுவராக்கும் என்று நம்பினார். காந்தி 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் வந்தபோது அவரைச் சந்தித்துக் குறுக்கு விசாரணை செய்வதுபோல் கேள்விகள் கேட்டு, அமெரிக்க அட்லாண்டிக் மாத இதழில் எழுதினார். 1927-இல் கேதரின் மேயோ இந்தியச் சமூகக் கொடுமைகளைச் சாடி எழுதிய 'மதர் இந்தியா' வெளிவந்து நாடே கொதித்தபோது மேயோவை ஆதரித்தார். அவரோடு சமூக வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் விலகினார்கள். அன்றைய பெண்ணியக்கத்தாருக்கு அவர் வெள்ளைக்காரியின் கைக்கூலி ஆகிவிட்டார்.

மேயோ விஷயம் தமிழ் வாசகருக்கு வேறு விதமாகப் பழக்கம். இங்கே சுயமரியாதை இயக்கத்தார் அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறியவில்லை. கோவை அ. அய்யாமுத்து 'மேயோ கூற்று மெய்யா பொய்யா' என்று ஒரு நூலே எழுதினார். குழந்தை மணமும் விதவைக் கொடுமையும் உண்மைதானே, சொன்னவளை ஏன் திட்டுகிறாய் என்பது அவர்கள் கட்சி. கார்னிலியாவும் பார்த்தது அதே கொடுமைகளை. ஆனால் அங்கிருந்து அய்யாமுத்து மதத்தையும் சாதியையும் உடைக்கப் போனார், கார்னிலியா வைஸ்ராய் மாளிகைக்குப் போனார். ஒரே சாட்சியத்தை வைத்துக்கொண்டு இரண்டு எதிரெதிர்த் தீர்ப்புகள். எனக்கு அய்யாமுத்துவின் தீர்ப்புதான் சரி. என்றாலும் சாட்சி சொன்னவளைப் பொய்க்காரி என்று சொல்ல வாய் வரவில்லை. இருபது ஆண்டுக்காலம் அந்தப்புரங்களில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். மேடையில் பேசிய நாம் அதைப் பார்த்ததில்லை.

அவர் ஏன் அப்படிப் போனார்? சந்தர்ப்பவாதம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது முழு உண்மையாகாது. எந்தச் சமூகத்துக்கும் சொந்தமில்லாத வீட்டுப் பெண்ணுக்கு, தன்னை ஓரளவாவது ஏற்றுக்கொண்டது ஆக்ஸ்ஃபோர்டும் அரசாங்கமும்தான். அந்த அரசாங்கம்கூட அவரைப் பணிநிலையிலும் பட்டத்திலும் எத்தனை முறை கீழே தள்ளியது என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1909-இல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள், அதைக் கொண்டாடினார். இன்னொன்று, அவர் திரைக்குப் பின்னால் இருந்த பெண்களை உண்மையாகவே நேசித்தார். ஆச்சாரமான அந்த முதிய ராணிகளின் மிடுக்கும் நகைச்சுவையும் பக்தியும் அவர் புத்தகங்களில் நிறைந்திருக்கின்றன. சட்டம் போட்டு ஒரே நாளில் அவர்களை வெளியே இழுக்கக் கூடாது, மெல்லப் படிக்கவைத்துத்தான் மாற்ற வேண்டும் என்றார். அன்பு வைத்த இடத்தை மாற்ற மனம் வராமல் போவது உண்டு. சிறைச்சாலையை நேசித்துவிட்ட நல்ல ஜெயிலர் என்று ஒருவர் அவரைச் சொன்னால் என்னால் முழுதாக மறுக்க முடியாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேசியவாதிகளில் பலர் பெண்ணைத் தேசத்தின் தாயாக்கித் தேரில் வைத்தார்கள். கார்னிலியா ஒரு விதவையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாக்கி எவ்வளவு என்று பார்த்தார். முன்னவர்கள் சரித்திரத்தின் பக்கம் நின்றவர்கள். பின்னவர் அந்த ஒருத்தியின் பக்கம் நின்றார். முன்னோடிகள் எல்லா விஷயத்திலும் நம் கட்சியில் இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வாசகனின் சோம்பல். அவருடைய அரசியலைத் தள்ளிவிட்டு வேலையை எடுத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

1954 ஜூலை 6 அன்று இலண்டனில் இறந்தார், 87 வயதில். அப்போது திருவிதாங்கூரின் அன்னா சாண்டி மாவட்ட நீதிபதியாகி ஆறு ஆண்டு ஆகியிருந்தது. இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் 2012-இல் கார்னிலியாவுக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள்.

சிலையைவிட எனக்கு முக்கியம் காரியஸ்தன் நீட்டிய அந்தத் தாள். அது இன்றும் நீட்டப்படுகிறது. தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989-இலேயே சட்டம் வந்துவிட்டது. நாடு முழுமைக்கும் 2005-இல் வந்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் மிச்சமிருந்த சந்தேகத்தையும் தீர்த்தது. ஆனால் அப்பா இறந்த சில மாதங்களில் அண்ணன் காரில் கூட்டிக்கொண்டு போக, சார்பதிவாளர் அலுவலகத்தில் தங்கை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மத்தியானம் அண்ணி சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவது இன்னும் நடக்கிறது. "பொறந்த வீடு வேணும்ல" என்பதுதான் காரணம். கோஷாப் பெண்ணுக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்பை எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும் முதிய பெண்களுக்கும் நீதிமன்றங்கள் பிறகு விரித்தன. பட்டம் படித்து வேலைக்குப் போகிறவளுக்கு அது கிடையாது. அவள் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். ஏமாற்றப்பட்டேன் என்றால் மெய்ப்பிக்கிற சுமை அவள் தலையில். திரையை விட்டு வெளியே வந்ததற்கு நாம் கட்டுகிற வரி இது.

ஆகவே சகோதரிகளே, விட்டுக்கொடுப்பதென்று முடிவு செய்தால் தாராளமாக விட்டுக்கொடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அண்ணன் அமர்த்திய பத்திர எழுத்தர் படித்துக் காட்டுவதைக் கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். வரைவை வாங்கி, உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் தனியாகக் காட்டுங்கள். காசில்லை என்றால் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே இலவச உதவி பெறப் பெண்ணாக இருந்தால் போதும். வருமானச் சான்று கேட்க மாட்டார்கள்.